அடுப்படியில் முதல் வாரம்

நம் வகுப்பில் பலருடைய வீட்டில் தாய், தந்தை இருவருமே பணிக்குச் செல்கின்றனர். மெட்ரோ இரயிலிலும் பேருந்திலும் நின்றபடியே பயணம் செய்து, அவர்கள் வீட்டுப் படியேறும்போது இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. அதன்பின் அரிசி களைந்து உலையேற்றினால், உண்பதற்கு ஒன்பதரை மணி. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ உதவிக்கு வந்திருப்பார்கள். கொல்கத்தாவில் அந்த உதவி உங்கள் கைகளிலிருந்துதான் வரவேண்டும். எளிய இரவுணவு ஒன்றை ஆக்குவது எப்படி என்பதையே இப்பாடம் விளக்குகிறது. இது மாணவியருக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணும் மாணவர்கள், நளபாகம், வீமபாகம் என்னும் சொற்களை நினைத்துக்கொள்க. நளன், வீமன் இருவரும் ஆடவரே.

பழந்தமிழில் சமைத்தலுக்கு அடுதல் என்று பெயர். அடுப்பு, அடுக்களை ஆகிய சொற்கள் அதனோடு உறவுடையவை. சமையலறையை அட்டில் என்றும் வழங்கினர். சமைத்தல் என்னும் சொல்லுக்கோ உருவாக்குதல், ஆயத்தம் செய்தல் என்னும் பொருள்களும் உண்டு. வேகவைத்தல், அவித்தல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல், தாளித்தல், மசித்தல் எனத் தமிழில் அடுப்படிக்கென்றே வினைச்சொற்கள் நிறைந்துள்ளன. இவற்றை அகராதியில் படித்து மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். வெங்காயத்தை ஒருமுறை வதக்கியவர், வதக்குதலுக்கும் வறுத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மறப்பதில்லை. எண்ணெயில் பொருள் துவண்டு மென்மையாவது வதங்குதல்; எண்ணெய் விட்டோ விடாமலோ சூட்டில் ஈரம் நீங்கி மணம் எழுவது வறுபடுதல்.

ஊரைவிட்டு வந்தவர்களுக்குச் சமையல் கற்பித்த நூல் ஒன்று தமிழில் உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ என்பது அதன் பெயர். அதன் முதல் பாகம் 1951ஆம் ஆண்டு வெளிவந்தது. திருமணமாகி வெளியூர் சென்ற உறவுப் பெண்கள், “சாம்பார் வைப்பது எப்படி, ஊறுகாய் போடுவது எப்படி” என்று அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்பர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மறுமொழி எழுதுவதைவிட அவற்றை நூலாக்கலாமே என்று அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்கினார். அவ்வாறு பிறந்ததே அந்நூல். சமையல் தெரிந்தவருக்காக எழுதப்பட்ட நூல்கள் பெரும்பாலும் “தேவையான அளவு உப்பு” என்று சொல்லி நகர்ந்துவிடும். தேவையான அளவு எவ்வளவு என்பதுதானே புதியவரின் கேள்வி! மீனாட்சி அம்மாள் அளவுகளை விளக்கமாகக் குறித்தார். ஆழாக்கு, படி என்பன அந்நாளைய அளவுகள்; எட்டு ஆழாக்கு ஒரு படி. மெட்ரிக் அளவைமுறைக்கான சட்டம் இந்தியாவில் 1956ஆம் ஆண்டில்தான் வந்தது.

நாம் 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளர் ஒன்றை அளவாகக் கொள்வோம். வீட்டில் உள்ள எவர்சில்வர் டம்ளரில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். நம் அடுக்களைக்கென வேறு அளவுகளும் உண்டு: நெல்லிக்காய் அளவு புளி, ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி பருப்பு. இவை ஏட்டில் தெளிவற்றவையாகத் தோன்றினாலும் கையில் எடுத்துப் பார்க்கும்போது தெளிவாகிவிடும்.

முதலில் சோறு. ஒரு டம்ளர் அரிசி இருவருக்குத் தாராளமாகப் போதும். பச்சரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீரும், புழுங்கலரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீரும் குக்கரில் ஊற்ற வேண்டும். இங்குள்ள கடைகளில் பச்சரிசியை ‘ஆதப் சால்’ என்றும் புழுங்கலரிசியை ‘ஷெத்தோ சால்’ என்றும் கேட்க வேண்டும். மூன்று விசில் வந்தபின் அடுப்பை அணைத்துவிடலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் மிகுவதால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை உயர்கிறது. அதனால்தான் பருப்பும் அரிசியும் அதில் விரைவில் வேகின்றன. அந்த அழுத்தம் தானே அடங்கும்வரை மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்; பருப்பு என்றால் பாதிக்கு மேல் வேண்டா.

சோறு ஆகிவிட்டால் இரவுணவில் பாதி முடிந்தது. அதைக் குழைய வைத்து, இளஞ்சூட்டில் கரண்டியால் மசித்து, சிறிது பாலும் தயிரும் உப்பும் சேர்த்தால் தயிர்ச்சோறு. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கொல்கத்தாவில் “தயிர்” என்று பொதுவாகக் கேட்டால் மண்சட்டியில் உறைந்த இனிப்புத் தயிராகிய ‘மிஷ்டி தொய்’ கையில் வந்துவிடக்கூடும். உண்ண மிகச் சுவையானதுதான். ஆனால் அதில் கடுகு தாளிக்க இயலாது. ‘டொக் தொய்’, அதாவது புளித்த தயிர் என்று கேளுங்கள்.

அரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்த்தால் வெண்பொங்கல். முக்கால் டம்ளர் பச்சரிசி, வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்த கால் டம்ளர் பாசிப்பருப்பு, நான்கரை டம்ளர் தண்ணீர், உப்பு ஆகியவற்றைக் குக்கரில் வைத்து ஐந்து விசில் விட வேண்டும். பின்னர் நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்துக் கலக்க வேண்டும். துர்கா பூசையின்போது பந்தலில் தொன்னையில் தரப்படும் கிச்சுடியை நீங்கள் உண்டிருப்பீர்கள். அதுவும் வறுத்த பாசிப்பருப்பும் பச்சரிசியும் நெய்யும் சேர்ந்ததுதான். மஞ்சளும் பிரிஞ்சி இலையும் காய்களும் சேர்ந்து அதை வேறாக்குகின்றன. 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இபன் பதூதா என்னும் பயணி, பாசிப்பருப்பும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு உண்ணும் இவ்வகை உணவைத் தம் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பொங்கலுக்கு ஊர்ப் பச்சரிசி கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டா. வங்காளத்தின் கோபிந்தோபோக் அரிசி சிறுமணியும் நறுமணமும் உடையது, நன்றாகக் குழையும். பர்தமான் பகுதியில் விளையும் அவ்வரிசி 2017ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. என் கருத்தில், வெண்பொங்கலுக்கு நம் ஊர் அரிசியைவிட அதுவே சிறந்தது. ஊரில் இதைச் சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

அடுத்து ரசம். இதைக் கற்றவர் பட்டினி கிடக்கமாட்டார். நெல்லிக்காய் அளவு புளியை ஒன்றரை டம்ளர் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். அதில் ஒரு தக்காளியைப் பிசைந்து விட்டு, மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் சேர்த்து, புளியின் பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு ஆகியவற்றைக் கொரகொரப்பாகத் தட்டிப் போடுங்கள். வெந்த துவரம்பருப்பின் நீர் இருந்தால் ஒரு டம்ளர் ஊற்றலாம்; இல்லையெனில் வெறும் தண்ணீர் முக்கால் டம்ளர் போதும். இதன்பின் ரசம் கொதிக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கட்டி மேலெழும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் மிளகு, சீரகத்தின் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பும் ஏறும். இந்த மிளகுத்தண்ணீரே ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் ‘முல்லிகடாவ்னி’ என்று திரிந்து ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. அவர்கள் அதில் இறைச்சியையும் பிறவற்றையும் சேர்த்துக் கெட்டியான சூப் ஆக்கிவிட்டனர். பெயர் மட்டும் தமிழாகவே நின்றது.

தாளித்தலில் வரிசை முதன்மையானது. எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின்னரே கடுகு போட வேண்டும். கடுகினுள் இருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகி மேல்தோலை வெடிக்கச் செய்வதே நாம் கேட்கும் படபடப்பு. எண்ணெய் காயாமல் போட்ட கடுகு வெடிக்காது, வாயில் கசக்கும். கடுகு வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவந்ததும் மிளகாய்வற்றல், பின்னர் கறிவேப்பிலை. கறிவேப்பிலையைக் கழுவினால் துடைத்துவிட்டுப் போடுங்கள்; ஈரம் எண்ணெயைத் தெறிக்கவைக்கும். இப்பொருள்களின் மணம் தண்ணீரைவிட எண்ணெயில் நன்கு கரைவதால், ஒரு தேக்கரண்டித் தாளிப்பு ஒரு பாத்திரம் ரசத்தையே மணக்கச் செய்கிறது. வங்காளத்தில் தாளிப்பை ‘ஃபோரொன்’ என்பர். அவர்களுடைய ‘பாஞ்ச் ஃபோரொன்’, சீரகம், வெந்தயம், பெருஞ்சீரகம், கருஞ்சீரகம் ஆகிய நான்கோடு கடுகோ ராதுனி என்னும் விதையோ சேர்ந்த ஐந்தின் கலவை. உங்கள் பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் ஒரு பொட்டலம் கேட்டுப் பெற்று, பருப்பில் தாளித்துப் பாருங்கள். ரசத்தில் வேண்டா.

வங்காளிகளிடம் நாம் கற்க வேண்டிய மிக எளிய இரவுணவு ‘ஆலு ஷெத்தோ பாத்’. தோலை நன்கு கழுவிய உருளைக்கிழங்கு ஒன்றைச் சோறு வேகும் பாத்திரத்திலேயே போட்டுவிடுவர். வெந்தபின் தோலுரித்து மசித்து, பச்சைமிளகாய், சின்னதாக அரிந்த வெங்காயம், உப்பு, ஒரு தேக்கரண்டி கடுகெண்ணெய் சேர்த்துப் பிசைந்து, சுடுசோற்றில் நெய்யோ வெண்ணெயோ விட்டு உண்பர். ஒரே பாத்திரம், ஒரே அடுப்பு, அரைமணி நேரம். ‘ஷெத்தோ’ என்றால் வேகவைத்தது என்று பொருள்; புழுங்கலரிசியின் பெயரிலும் அச்சொல்லே உள்ளது. கடுகெண்ணெயின் காரம் நம் நாவுக்குப் புதிது என்றால் நல்லெண்ணெய் விடலாம். ரசத்தோடு இது மிகப் பொருந்தும்.

உப்புமாவைப் பலர் பழிப்பர். கட்டி தட்டிய உப்புமாவை உண்டவர்கள் அவர்கள். ஒரு டம்ளர் ரவையை நிறம் மாறாமல் மணம் வரும்வரை வறுத்து வைத்துக்கொண்டு, தாளித்து, வெங்காயம் வதக்கி, இரண்டரை டம்ளர் தண்ணீரும் உப்பும் சேர்த்துத் தளதளவெனக் கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவி மறு கையால் கிளறினால் கட்டி விழாது. இங்கு ரவையின் பெயர் சூஜி.

கறிவேப்பிலை, தேங்காய், வாழையிலை, காப்பித்தூள், அரைத்த தோசைமாவு ஆகியவற்றுக்கு இராஷ்பிகாரி அவென்யூவில் உள்ள லேக் மார்க்கெட் இருக்கிறது. காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். தென்னிந்தியர் நெடுங்காலமாக வாழும் பகுதியாதலால் அங்குள்ள கடைக்காரரிடம் தமிழிலேயே பேசிப் பாருங்கள். மறுமொழி தமிழில் வரவும் கூடும். மற்ற இடங்களில் புளிக்குத் ‘தெந்துல்’ என்றும், துவரம்பருப்புக்கு ‘ஒடொஹொர் டால்’ என்றும், பாசிப்பருப்புக்கு ‘மூக் டால்’ என்றும் கேளுங்கள்.

இனி, தீயைப் பற்றி. முதல் நான்கைந்து முறை ஞாயிற்றுக்கிழமையில், பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டுமே செய்து பாருங்கள். அவர்கள் இசைவு தந்தபின்னரே தனியாக அடுப்பைப் பற்றவைக்கலாம். அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டா. அரிசி களைவது, பருப்பையும் புளியையும் ஊறவைப்பது, பூண்டு உரிப்பது, மிளகு தட்டுவது ஆகிய எவற்றுக்கும் தீ தேவையில்லை. இவை ஆயத்தமாக இருந்தால், எட்டு மணிக்கு வரும் அம்மா எட்டரைக்குள் உணவை முடித்துவிடுவார். அடுப்பில் உள்ள பாத்திரத்தின் கைப்பிடி உட்புறம் நோக்கி இருக்கட்டும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை அறிவதற்காகவே கெட்ட வாடை சேர்க்கப்படுகிறது. அவ்வாடை வந்தால் மின்விசையைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரின் வாயுத்திறப்பை மூடி, சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்னும் எண்ணை அழையுங்கள்.

மிஞ்சிய சோற்றை இவ்வூரின் புழுக்கத்தில் இரவு முழுவதும் வெளியே வைக்கக் கூடாது. சோற்றில் பெருகும் ஒருவகை நுண்ணுயிரி உண்டாக்கும் நச்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆறியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பெற்றோர் வரும்வரை ரசத்தை மூடியே வைக்கலாம். அவர்கள் கைகால் கழுவும்போது சிறுதீயில் சூடாக்குங்கள், கொதிக்கவிடாதீர்கள். தாளிப்பை மட்டும் அப்போது செய்தால், கடுகு வெடிக்கும் ஓசை கூடத்தில் இருப்பவருக்கும் கேட்கும்.