எந்த கிளப்புல சேரலாம், பாஸ்?

கோல்ஃப் ஆசையில் கிளம்பிய இரண்டு இன்ஜினீயரிங் பசங்க... ஒரு கிளப்... இரண்டு கேட்!

‘கிளப்’னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எங்க தாத்தாவுக்குக் காபி கிளப். அப்பாவுக்குச் சீட்டுக்கட்டு. எனக்கு, காலேஜ் ரோபோட்டிக்ஸ் கிளப். சேர்ந்ததோட சரி, இன்னிக்கு வரைக்கும் ஒரு மோட்டார்கூட சுத்தினதில்லை. போன செமஸ்டர்ல இந்த லிஸ்ட்ல புதுசா ஒண்ணு சேர்ந்துச்சு... கோல்ஃப் கிளப்!

காரணம், பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்குக்கு வந்த ஒரு சார். “பெரிய பெரிய டீல் எல்லாம் ஆபீஸ்ல முடியாது தம்பிகளா, கோல்ஃப் கோர்ஸ்லதான் முடியும்”னு கொளுத்திப் போட்டுட்டுப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி எங்க ஹாஸ்டல் காரிடார்ல ஆளாளுக்குத் துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு ஸ்விங் பழகினதைப் பார்த்து வார்டனே மிரண்டுட்டார். மூணு அரியர் வெச்சிருக்கிற ஒருத்தன்தான் அதுல ரொம்பத் தீவிரம். (நான் இல்லைங்க... எனக்கு ரெண்டுதான்!)

என் ரூம்மேட் மட்டும் படுத்துக்கிட்டே வேடிக்கை பார்த்தான். “மச்சான், பிடியே தப்புடா”ன்னான். எழுந்து வந்து துடைப்பத்தை வாங்கி ஒரே ஒரு சுத்து. சத்தியமா, காத்து கிழியற சத்தம் கேட்டுச்சு. “எங்கடா கத்துக்கிட்ட?”ன்னு வாயைப் பிளந்தேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டுச் சொன்னான்... “எங்கப்பா கேடிடா.”

அவசரப்படாதீங்க. இந்தக் கேடி, போலீஸ் ஸ்டேஷன் போர்டுல போட்டோ இருக்கிற கேடி இல்லை. ஆடுறவங்களோட மட்டைப் பையைத் தூக்கிக்கிட்டு கூடவே நடந்து, பந்து எங்கே விழுந்ததுனு கண்ணு வெச்சு, அடுத்து எந்த மட்டையை எடுக்கணும்னு யோசனையும் சொல்றவர்தான் கோல்ஃப் கேடி. ஸ்கூல்ல ‘அப்பா என்ன வேலை?’னு டீச்சர் கேட்டப்போ இவன் இதைச் சொல்ல, மொத்த கிளாஸும் சிரிச்சதாம். அன்னிலேர்ந்து ‘பிரைவேட் கம்பெனி’தான். மூணு வருஷமா எனக்கும் அதையேதான் சொல்லியிருக்கான்.

“சரி, ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு கிளப்பைத் தேடுவோம்டா”ன்னேன். கிளம்பினோம்.

ஊரைச் சுத்தி ஒரு ரவுண்டு

நம்ம ஊர்ல கோல்ஃபா ஆடுறாங்கனு கேட்காதீங்க. இந்தியாவுக்கு கோல்ஃப் வந்து ரெண்டு நூற்றாண்டு ஆகப் போகுது. 1829-ல ஆரம்பிச்ச ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்தான், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகத்துலேயே பழசு. சென்னையிலும் ரெண்டு பழைய கிளப்கள் இருக்கு. 1873-ல தொடங்கின காஸ்மோபாலிடன் கிளப்புக்கு நந்தனத்துல மைதானம். 1884-ல தொடங்கின மெட்ராஸ் ஜிம்கானாவுக்கு கிண்டியில, அதுவும் ரேஸ் கோர்ஸ் ஓடுபாதைக்கு நடுவுல மைதானம் அமைஞ்சது. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு செட்டிபாளையம். மலையேறினா ஊட்டி, வெலிங்டன், அப்புறம் 1895-லேர்ந்து இருக்கிற கொடைக்கானல் கோல்ஃப் கிளப். டூர் போறப்போ பஸ் ஜன்னல் வழியா ‘அட, எவ்ளோ பெரிய புல்வெளி!’னு பார்த்திருப்பீங்களே, அதேதான். அங்கே பந்துக்குப் பக்கத்துல காட்டெருமை மேயும். அது நகர்ற வரைக்கும் நீங்கதான் வெயிட் பண்ணணும். அதுங்க மெம்பர்ஷிப் நம்மளைவிட சீனியர்!

கிண்டி விஷயத்துல ஒரு பாடமும் இருக்கு. அந்த நிலம், 1945-ல ரேஸ் கிளப்புக்கு அரசாங்கம் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை பாக்கித் தகராறு முத்தி, 2024 செப்டம்பர்ல அரசு குத்தகையை ரத்து பண்ணி, சுமார் 160 ஏக்கரை எடுத்துக்கிச்சு. விவகாரம் கோர்ட்டுக்குப் போச்சு. பழைய கிளப்கள் பலதும் இப்படி அரசாங்க நிலத்துல இருக்கிறதுதான். அதனால எந்த கிளப்பா இருந்தாலும் ‘குத்தகை எந்த வருஷம் வரை?’ங்கிற கேள்வியைக் கூச்சப்படாம கேளுங்க. வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறப்போ கேட்க மாட்டோமா, அது மாதிரிதான்.

கால்குலேட்டரை எடுங்க!

கிளப்ல சேர்றப்போ ஒரு தடவை கட்டுற நுழைவுக் கட்டணம் ஒண்ணு, மாசாமாசம் சந்தா ஒண்ணு, அதுக்கு ஜி.எஸ்.டி. தனி. அதுக்கப்புறம் மைதானக் கட்டணம், கேடிக்குக் கூலி, தண்ணியில விழுந்து தொலையற பந்துக்கான காசு. (ஒரு பந்து 46 கிராம்கூடக் கிடையாது. ஆனா தொலையறப்போ மனசு ரொம்பக் கனக்குது!)

சும்மா ஒரு கணக்கு போடுவோம். நுழைவுக் கட்டணம் 3 லட்சம்னு வெச்சுக்குங்க. 10 வருஷத்துக்குப் பிரிச்சா, வருஷத்துக்கு 30,000. மாசச் சந்தா 2,000-னா வருஷத்துக்கு 24,000. மொத்தம் 54,000. மாசத்துக்கு ஒரு தடவை போனா, ஒரு ஆட்டத்துக்கு 4,500 ரூபாய். வருஷத்துக்கு 100 தடவை போனா வெறும் 540 ரூபாய். கிளப் ஒண்ணுதான், காசும் ஒண்ணுதான். நீங்க எத்தனை நாள் போறீங்கங்கிறதுதான் வித்தியாசம்.

அதனால முதல்ல பார்க்க வேண்டியது தூரம். 18 குழி ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். வெயிலுக்கு முன்னாடி முடிக்கணும்னா விடியற்காலையிலேயே அங்கே இருக்கணும். எட்டரை மணி கிளாஸுக்கே எட்டு இருபத்தெட்டுக்கு எழுந்திருக்கிற நாம, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளப்ல சேர்ந்தா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

அடுத்தது, ஆரம்பிக்கிறவங்களுக்கு அங்கே என்ன இருக்கு? வரிசையா நின்னு பந்து அடிச்சுப் பழகுற டிரைவிங் ரேஞ்ச் இருக்கா? கோச் இருக்காரா? உலகத்தரம், குளம், மணல் குழினு பார்த்து மயங்காதீங்க. அதெல்லாம் ஆடத் தெரிஞ்சவங்களுக்குச் சவால். நமக்குப் பந்து செலவு!

ஒரு ஃபிளாஷ்பேக். பெங்களூருல அஞ்சு வயசுப் பொண்ணு ஒருத்தி அப்பா அம்மாவோட டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. பக்கத்துல கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் டிரைவிங் ரேஞ்ச். அங்கே என்ன பண்றாங்கனு குடும்பமா எட்டிப் பார்த்தாங்க. அந்தப் பொண்ணு, அதிதி அசோக். 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல ஒரே ஒரு அடியில வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவது இடம் வந்தவங்க. அன்னிக்கு அந்த ரேஞ்ச் மதில் சுவருக்குப் பின்னாடி மறைஞ்சு இருந்திருந்தா?

ரெண்டு கேட்

இப்போ சொல்லப் போற விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வெச்சது.

ஒரு கிளப். பேர் வேண்டாம். மெம்பர்ஷிப் விவரம் கேட்க போன்ல நேரம் வாங்கிட்டு ரெண்டு பேரும் போனோம். ஜீன்ஸ் கூடாது, காலர் இல்லாத டி-ஷர்ட் கூடாதுனு சொல்லியிருந்தாங்க. ரெண்டு பேருமே காலர் வெச்ச டி-ஷர்ட், ஃபார்மல் பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. இன்டர்வியூக்குக்கூட அவ்ளோ நீட்டா போனதில்லை.

கேட்ல இருந்தவர் என்னை ‘வாங்க சார்’னார். இவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு. “டேய், நீ நம்ம ஷெட்டு பெரியவர் புள்ளதானே? நல்லா வளர்ந்துட்டியே! அந்த சைடு கேட்ல வாப்பா.” அதுல கோபமோ, மட்டம் தட்டுறதோ எதுவுமே இல்லை. பாசமாத்தான் சொன்னார். அதுதான் வலிச்சது. இவனும் ஒண்ணும் பேசாம, தெரிஞ்ச வழியில போற மாதிரி, பக்கவாட்டுல திரும்பி நடந்தான்.

நான் என்ன பண்ணேன்? பெரிய கேட் வழியா உள்ளே போனேன். ‘அவனும் என்கூட வந்தவன்தான் சார்’னு ஒரு வார்த்தை சொல்ல ரெண்டு செகண்ட் ஆகும். சொல்லலை. ஏ.சி. ரூம்ல உட்கார்ந்து, ‘ரெண்டு மெம்பர்கள் உங்களைப் பரிந்துரைக்கணும், கமிட்டி ஓகே பண்ணணும், வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு’னு அவங்க சொன்னதை எல்லாம் நோட்ல எழுதிக்கிட்டேன். திரும்பி வந்தப்போ அவன் சைடு கேட்டுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தான். “ஃபார்ம் வாங்கினியாடா?”ன்னான். அவ்ளோதான்.

கேட்டுக்கு வெளியே நிறுத்துறதுல கிளப்களுக்குப் பெரிய வரலாறே இருக்கு பாஸ். 2014 ஜூலையில சென்னை சேப்பாக்கத்துல கிரிக்கெட் சங்க கிளப்புக்கு வேட்டி கட்டிக்கிட்டுப் போன ஹைகோர்ட் நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடலை. ஊரே கொந்தளிச்சு, அடுத்த மாசமே வேட்டிக்குத் தடை போடக் கூடாதுனு சட்டசபையில சட்டம் நிறைவேறுச்சு. அமெரிக்காவுல அகஸ்டா நேஷனல் கிளப் 2012-லதான் முதல்முறையா பெண்களை மெம்பரா சேர்த்துச்சு. ஸ்காட்லாந்துல 1754-ல தொடங்கின செயின்ட் ஆண்ட்ரூஸ் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்புக்கு அந்த ஞானம் வர 2014 ஆயிடுச்சு.

ஆனா அதே செயின்ட் ஆண்ட்ரூஸ்ல ஒரு ஆச்சர்யம். கோல்ஃபோட தாய்வீடுனு சொல்ற அந்த ஓல்டு கோர்ஸ் மைதானம் எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை. ஊருக்குப் பொது! எந்த கிளப் மெம்பரா இல்லாதவங்களும் காசு கட்டி ஆடலாம். ஞாயித்துக்கிழமை வழக்கமா ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்க நாயைக் கூட்டிக்கிட்டு அதுல வாக்கிங் போவாங்க. நம்ம டெல்லியிலும் டி.டி.ஏ. நடத்துற குதுப் கோல்ஃப் கோர்ஸ் அப்படிப் பொதுவா கட்டினதுதான்.

“ஷெட்டைப் பாரு தம்பி!”

அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனேன். அவங்கப்பாகிட்ட, “எந்த கிளப்புல சேரலாம்ப்பா?”ன்னு நேரடியாவே கேட்டேன். சிரிச்சார்.

“கட்டடத்தப் பார்க்காத, பாரைப் பார்க்காத. நேரா கேடி ஷெட்டுக்குப் போ. குடிக்கத் தண்ணி இருக்கா, வெயில்ல ஒதுங்க நிழல் இருக்கா, கக்கூஸ் சுத்தமா இருக்கானு பாரு. எங்கள ஒழுங்கா வெச்சிருக்கிற எடத்துல மெம்பருங்களும் ஒழுங்கா இருப்பாங்க. புதுசா வர்ற புள்ளைங்களுக்கும் பொறுமையாச் சொல்லித் தருவாங்க. எங்கள ‘ஏய்’ங்கிற எடத்துல, பந்து அடிக்கத் தெரியலேன்னா உன்னையும் ஒரு நாள் ‘ஏய்’னுதான் கூப்பிடுவாங்க.”

“நீங்க ஆடியிருக்கீங்களாப்பா?”

“திங்கக்கிழமை மைதானத்துக்கு லீவு. அன்னிக்கு நாங்க ஆடிப்போம். இவனையும் கூட்டிட்டுப் போவேன். ஒடைஞ்ச மட்டையை வெட்டி இவன் உயரத்துக்குப் பண்ணிக் கொடுத்தேன்.”

ரூம்மேட் தலையைக் குனிஞ்சு தோசையையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அந்த ஷெட்டுல இருந்து வந்தவங்க சாதாரண ஆளுங்க இல்லை மக்களே. டெல்லியில கேடியா இருந்த அலி ஷேர், 1991-லயும் 1993-லயும் இந்தியன் ஓப்பனையே ஜெயிச்சார். பெங்களூருல கேடியா இருந்த முனியப்பா, 2009-ல அதே கோப்பையைத் தூக்கினார். ராயல் கல்கத்தாவுல புல்லைப் பராமரிச்சவரோட மகன் சௌரேசியா, 2016, 2017-னு அடுத்தடுத்து ரெண்டு வருஷம் ஜெயிச்சார். மெம்பர்ஷிப் ஃபார்மை நிரப்பி யாரும் இவங்களைக் கொண்டு வரலை. சைடு கேட் வழியா வந்தவங்கதான் எல்லாரும்!

சேர்றதுக்கு முன்னாடி...

* ஒரு மாசம் ரேஞ்ச்ல மட்டும் பழகிப் பாருங்க. மெம்பர் இல்லாதவங்களையும் காசு கட்டினா விடுற இடங்கள் உண்டு. முதல்லயே போன் பண்ணிக் கேட்டுக்குங்க.
* வீட்டுல யாராவது மெம்பரா இருந்தா, பிள்ளைகளுக்கான மெம்பர்ஷிப் எந்த வயசு வரைக்கும்னு விசாரிங்க. நமக்கு வயசு தாண்டிக்கிட்டே இருக்கு!
* மாணவர், தற்காலிகம், நிரந்தரம்னு மெம்பர்ஷிப்ல என்னென்ன வகை இருக்குனு கேளுங்க. விலகினா எது திரும்பக் கிடைக்கும்னு எழுத்துல வாங்குங்க.
* புது மட்டை செட் வேண்டாம். பைக்குள்ள 14 வரைக்கும் வெச்சுக்கலாம்னுதான் ரூல், 14 வேணும்னு ரூல் இல்லை. பழைய செவன் அயர்ன் ஒண்ணு போதும்.
* பெண்கள், கெஸ்ட்டுகள், வேலை செய்றவங்க... இவங்களுக்கு எந்த வழி, எந்த நேரம்னு கண்ணால பாருங்க.
* கடைசியா, கேடி ஷெட். மறக்காதீங்க!

நாங்க எங்கே சேர்ந்தோம்னுதானே கேட்கிறீங்க? இன்னும் எங்கேயும் சேரலை. அந்த ஃபார்ம் என் மெக்கானிக்ஸ் புக்குக்குள்ள மடிச்ச மடிப்பு கலையாம இருக்கு. ‘அன்னிக்கு நான் பேசியிருக்கணும்டா’னு ஒரு நாள் ராத்திரி அவன்கிட்ட சொல்லிட்டேன். “விடுறா, அடுத்த தடவை பேசு”ன்னான்.

இப்போ சனிக்கிழமை காலையில ஒரு ரேஞ்சுக்குப் போறோம். அங்கே ஒரே ஒரு கேட்தான். ஒரு கூடை பந்து, பாதிப் பாதி காசு, ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே செவன் அயர்ன். போன வாரம் பக்கத்துல ஆடின ஒருத்தர் அவனோட ஸ்விங்கைப் பார்த்துட்டு, “யார் தம்பி உங்க கோச்?”னு கேட்டார்.

“எங்கப்பா சார். கேடி”ன்னான், சத்தமா.

அவன் அடிச்ச பந்து அத்தனையும் நேரா போச்சு. நான் அடிச்சது எங்கே போச்சுனு மட்டும் கேட்காதீங்க... இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க!