வீடு வாங்குமுன் மலையைப் பாருங்கள்

கட்டாரில் பதினொரு வருடம் உழைத்த என் மச்சான், 2023 பெப்ரவரியில் ஓர் இரவு கோல் எடுத்தார். ஹட்டனுக்குப் பக்கத்தில் 10 பேர்ச் காணியோடு ஒரு வீடு விலைக்கு வருகிறதாம். புரோக்கர் அனுப்பிய படங்கள் அழகாக இருக்கின்றனவாம். "நீங்க ஒருக்காப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க மச்சான், வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்" என்றார்.

நான் கட்டட வேலை தெரிந்தவன் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, மலையகப் பாடசாலைகளில் புவியியல் படிப்பிப்பவன். ஆனாலும் போனேன். நல்ல வெயில் நாள். வீடு புதுப் பெயின்டில் மினுங்கியது. குசினியின் பின்சுவரோடு ஓர் உடுப்பு அலுமாரி நின்றது. குசினியில் உடுப்பு அலுமாரிக்கு என்ன வேலை என்று பின்னால் எட்டிப் பார்த்தேன். மேலிருந்து தரை வரை ஒரு வெடிப்பு, என் சின்ன விரல் நுழையும் அகலம்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர், பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர். "அது பழைய வெடிப்பு, ஒன்னுமில்ல" என்றார். மச்சான் அந்த வீட்டை வாங்கவில்லை. வேறொரு குடும்பம் வாங்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கொட்டியபோது பின்மேடு சரிந்து அந்தக் குசினி போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவர்களுக்கு அலுமாரியின் பின்னால் இருந்ததை யாராவது சொன்னார்களா என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடு கைமாறுமுன் அதைச் சோதித்து அறிக்கை கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கூரை, வயரிங், குழாய், அத்திவாரம் எல்லாம் பார்ப்பார்கள். நம் ஊரில் அந்தத் தொழில் வேர்விடவில்லை. தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பதோடு சரி. கொழும்பில் அது ஓரளவு போதலாம். மலையில் போதாது. இங்கே வீட்டைத் தாங்குவது அத்திவாரம் மட்டுமல்ல. மேலே உள்ள மேடும் கீழே உள்ள பள்ளமும் சேர்ந்துதான்.

ஆகவே முதலில் வாசலுக்குள் போகாதீர்கள். வீட்டைச் சுற்றி நடந்து, முடிந்தால் மேலே உள்ள தேயிலை மலைவரை ஏறிப் பாருங்கள். மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா? நிலத்தில் பிறை வடிவில் வெடிப்பு ஓடுகிறதா? முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பியிருக்கிறதா, இருந்த ஊற்று திடீரென நின்றுவிட்டதா, அல்லது கலங்கி வருகிறதா? கதவு யன்னல்கள் சட்டத்தில் இறுகிப்போய்ச் சாத்த முடியாமல் இருக்கின்றனவா? இவை மலை நகர்வதற்கான அடையாளங்கள். வீடு கட்டுவதற்காகச் சரிவை நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தால் அங்கே அணைச்சுவர் இருக்க வேண்டும். அந்தச் சுவரில் நீர் வெளியேறத் துளைகள் இருக்க வேண்டும். துளையில்லாத சுவர் தண்ணீரைப் பின்னால் தேக்கி, அதன் பாரத்தாலேயே சரியும்.

கான்களையும் பாருங்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிப்போகத்தான் தேயிலை மலைகளில் அந்தக் காலத்திலேயே கான் வெட்டினார்கள். இன்று பல இடங்களில் அவை தூர்ந்து கிடக்கின்றன. உங்கள் காணிக்கு மேலே உள்ள கான் அடைபட்டால் அது தோட்டத்தின் கான், ஆனால் விழுவது உங்கள் சுவர்.

இதையெல்லாம் மழையில் பார்க்க வேண்டும். ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் தென்மேல் பருவ மழையில் போங்கள். வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பக்கம் மார்கழி, தை மழையில் போங்கள். 2007 ஜனவரியில் மண்சரிவுகள் நடந்தது அங்கேதான். வெயில் காலத்தில் மட்டும் வீடு காட்டுகிறவரிடம் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது.

கண்ணால் பார்ப்பது ஒரு பாதிதான். மறு பாதி தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்கு அவர்கள் அபாய வரைபடங்கள் தயாரித்திருக்கிறார்கள். ஆனால் வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் கூடாது. ஒரு சிறிய கணக்கு: 10 பேர்ச் என்பது சுமார் 253 சதுர மீற்றர், பக்கத்துக்குப் பக்கம் ஏறக்குறைய 16 மீற்றர். 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் அது அரை மில்லிமீற்றர்கூட வராது. பென்சில் புள்ளிக்குள் உங்கள் வீடு மறைந்துவிடும். அதனால் அந்தக் காணிக்கென்றே நேரில் பார்த்துத் தரும் அறிக்கைக்கு, நில அளவைப் படத்தோடு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே கட்டிய வீடாக இருந்தால், கட்டும்போது அந்த நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட்டதா, பிரதேச சபை அனுமதித்த வரைபடம் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: இந்த வீட்டாரை எப்போதாவது வெளியேறச் சொன்னார்களா? 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் முதலாம் கட்ட எச்சரிக்கை வரும், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லுவார்கள். அடிக்கடி பாடசாலைக் கட்டடத்தில் போய்த் தங்கிய வீடு எது என்பது கிராம சேவகருக்கு நன்றாகத் தெரியும்.

எழுதிய எச்சரிக்கை, வாழ்பவர் கையில் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது.

அடுத்தது கடதாசிகள். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. முத்திரையில் கையெழுத்து வைத்துத் தோட்டத்து வீட்டை "வாங்கியவர்கள்" மலையகத்தில் இன்றும் இருக்கிறார்கள். 1992இல் கம்பெனிகளுக்குப் போனது தோட்டங்களின் குத்தகைதான், காணி அரசுடையது. லயத்தில் குடியிருப்பவர் தனதல்லாததை விற்க முடியாது. அரச அனுமதிப் பத்திரக் காணி என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். தனியார் உறுதியாக இருந்தாலும் காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பின்னணியைத் தேடச் சொல்லுங்கள். பாதை உரிமை உறுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மலையில் பாதி வழக்குகள் படிக்கட்டுக்காகத்தான்.

வீட்டுக்குள் பார்ப்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கூரை மரத்தில் கறையான், சீட்டில் ஒழுக்கு, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, மலசலகூடக் குழி சரிவின் விளிம்பில் இருக்கிறதா. பெரிய அலுமாரிகளை நகர்த்திப் பாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. குறையை மறைத்து விற்றால், தெரியவந்தபின் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று நம் ஃபிக்ஹ் சொல்கிறது. அரிசிக்கும் மாட்டுக்கும் பேசும் இந்தச் சட்டத்தை வீட்டுக்கு நாம் ஏனோ பேசுவதில்லை.

வாப்பா மௌத்தான பிறகு தலவாக்கலைப் பக்கம் இருந்த எங்கள் வீட்டை விற்றபோது இந்தச் சோதனை எனக்கே வந்தது. அடைமழையில் பின்மேட்டு நீர் சாமான் அறைக்குள் கசியும். ஒரு தூண் லேசாக இறங்கியிருந்தது. "வாங்குறவன் பாத்துத்தானே வாங்குறான், நீ ஏன் வாயைத் திறக்கிறாய்?" என்றார் நானா. நான் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பின்னால் கான் வெட்ட வேண்டிய இடத்தையும் வரைந்து வாங்க வந்தவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு பொறியியலாளரைக் கூட்டிவந்து காட்டினார். மூன்று இலட்சம் குறைத்துக் கேட்டார், கொடுத்தோம். உறுதி எழுதிய அன்றே கான் வெட்ட ஆளும் பேசிவிட்டுப் போனார். அந்த மூன்று இலட்சத்தைப் பெருநாளைக்குப் பெருநாள் நானா இன்னும் ஞாபகப்படுத்துகிறார்.