மீட்பு மன்றமும் திருச்சபையும்: லைபீரியாவில் சாமுவேல் டோவின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய லைபீரியாவில் 1980 ஏப்ரல் 12ஆம் நாள் அதிகாலையில் 17 படைவீரர்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்து, அதிபர் வில்லியம் டால்பர்ட்டைக் கொன்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், மாஸ்டர் சார்ஜண்ட் நிலையில் பணியாற்றிவந்த, முப்பது வயதையும் எட்டாத சாமுவேல் கேன்யன் டோ. அவர்கள் நிறுவிய ஆளுங்குழு 'மக்கள் மீட்பு மன்றம்' எனத் தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. மீட்பு என்பது திருச்சபையின் சொல். அச்சொல்லைத் துப்பாக்கி ஏந்தியவர்கள் எடுத்தாண்டபோது தலைநகர் மன்றோவியாவின் தெருக்களில் மக்கள் ஆடிப் பாடி வரவேற்றது ஏன் என்ற வினாவை எழுப்பாமல் டோவின் வரலாற்றை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

அடிமைத்தளையினின்று விடுபட்ட அமெரிக்கக் கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவில் குடியேற்றும் நோக்குடன் 1820களில் தொடங்கப்பெற்றதே இந்நாடு. குடியேறியவர்கள் திருமறையையும் தங்களோடு கொண்டுவந்தனர். மன்றோவியாவின் பிராவிடன்ஸ் பாப்டிஸ்டு ஆலயம் 1822இல் தோன்றியது. 1847இல் குடியரசு பிறந்ததும் அவ்வாலயத்தோடு இணைத்தே இன்றும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் எகிப்தினின்று புறப்பட்டு வந்தவர்கள் தாமே பார்வோனின் இருக்கையில் அமர்ந்தனர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாயிருந்த குடியேறிகளின் வழித்தோன்றல்கள், ட்ரூ விக் கட்சியின் வாயிலாக 1878 முதல் 1980 வரை இடையறாது ஆண்டனர். உள்நாட்டுப் பழங்குடியினர் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டுக் கடல்கடந்து அனுப்பப்பட்டதை 1930இல் சர்வதேச சங்கத்தின் விசாரணைக் குழு வெளிப்படுத்தியது. அன்றைய அதிபர் பதவி விலக நேர்ந்தது.

இவ்வாட்சிக்கும் திருச்சபைக்கும் இடையே சுவர் ஏதும் இருக்கவில்லை. 1944 முதல் 1971 வரை ஆண்ட டப்மன் ஒரு மெதடிஸ்டு. அவரையடுத்து வந்த டால்பர்ட் அருட்பொழிவு பெற்ற பாப்டிஸ்டு போதகர். 1965 முதல் 1970 வரை உலக பாப்டிஸ்டு கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர். அப்பொறுப்பை வகித்த முதல் ஆப்பிரிக்கர். 1977இல் துணை அதிபரான பென்னி வார்னரோ மெதடிஸ்டு பேராயர். டால்பர்ட்டுக்கு நாம் நீதி செய்ய வேண்டும். அவர் கொடுங்கோலர் அல்லர். முன்னோரின் ஆடம்பர உடையை விடுத்து எளிய உடையில் பதவியேற்றார். பழங்குடியினர் சிலருக்கு உயர்பதவிகளைத் திறந்துவிட்டார். எனினும் அவருடைய உறவினர்கள் அரசியலிலும் வணிகத்திலும் செழித்தனர். ஆலயத்தின் முன்வரிசையிலும் அமைச்சரவையிலும் ஒரே முகங்கள் அமர்ந்திருந்தபோது, எந்த இறைவாக்கினர் எந்த அரசரை நோக்கி விரல் நீட்டுவார்?

அரிசியில் வந்தது இடி. 100 பவுண்டு அரிசி மூட்டை 22 டாலருக்கு விற்றது. உள்நாட்டு விளைச்சலை ஊக்குவிப்பதற்காக விலையை உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது. விலை உயர்ந்தால் அதிபரின் குடும்பத்தாரே ஆதாயம் அடைவர் என்று மக்கள் பேசிக்கொண்டனர். 1979 ஏப்ரல் 14ஆம் நாள் நடந்த கண்டனப் பேரணியின்மீது காவல்துறையினர் சுட்டனர், பலர் மாண்டனர். ஓராண்டு நிறைவடைய இரண்டு நாள் இருக்கும்போது டோ மாளிகைக்குள் நுழைந்தார்.

பத்து நாள் கழித்து, ஏப்ரல் 22இல், முன்னாள் ஆட்சியின் உயர் அலுவலர் 13 பேர் மன்றோவியாவின் கடற்கரையில் கம்பங்களில் கட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். தலைமை நீதிபதியும், வெளியுறவு அமைச்சரும், அதிபரின் சகோதரரும் அவர்களுள் அடங்குவர். செய்தியாளர்கள் படம் எடுத்தனர், கூட்டம் ஆர்ப்பரித்தது. துணை அதிபராகிய பேராயர் வெளிநாட்டில் இருந்தமையால் உயிர் தப்பினார். இங்கே யெகூவின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. ஆகாப் வீட்டாரை அழிக்க யெகூ இறைவாக்கினரின் அபிஷேகம் பெற்றே எழுந்தான். ஆயினும் யெஸ்ரயேலில் அவன் சிந்திய இரத்தத்திற்கு அவன் வீட்டாரிடமே கணக்குக் கேட்கப்படும் என்று ஓசியா உரைத்தார். ஆகாபின் வீழ்ச்சியை நியாயப்படுத்துகிறவர் யெகூவின் வாளையும் நியாயப்படுத்தத் தேவையில்லை. லைபீரியாவில் 1980இல் இவ்விரண்டையும் பிரித்துணர்ந்தவர் மிகச் சிலரே எனத் தோன்றுகிறது.

டோ கிரான் இனத்தைச் சேர்ந்தவர். கிழக்கே கிராண்ட் கெடே மாவட்டத்திலுள்ள டூசன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். குடியேறிகளின் வழிவராத முதல் ஆட்சித்தலைவர். அவ்வகையில் மக்களின் மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் 1981இலேயே தம் துணைவராயிருந்த வே சியெனைச் சதிக் குற்றம் சாட்டிக் கொல்வித்தார். மற்றொரு தோழரும் படைத்தளபதியுமாகிய தாமஸ் குவிவொன்பா 1983இல் நாட்டைவிட்டு ஓடினார். படையிலும் மாளிகைக் காவலிலும் கிரான் இனத்தவர் நிறைந்தனர். அவர்களும் மக்கள்தொகையில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பேரே! பழைய சிறுபான்மையின் இடத்தில் புதிய சிறுபான்மை அமர்ந்தது, இருக்கை மாறவில்லை.

1984இல் ஆணை 88ஏ அரசைக் குறைகூறுவதைக் குற்றமாக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் படையினர் லைபீரியப் பல்கலைக்கழகத்துள் புகுந்து மாணவரைத் தாக்கினர். 1985 அக்டோபரில் நடந்த தேர்தலில், தமக்கேற்ற குழுவொன்றைக் கொண்டு வாக்குகளை எண்ணுவித்து, 50.9 விழுக்காடு பெற்றதாக டோ அறிவிக்கச் செய்தார். வெற்றியைப் பெரிதாகக் காட்டாமல் பாதியைச் சற்றே தாண்டிய கணக்கோடு நிறுத்தியதில் ஒருவகைத் தன்னடக்கம் இருந்தது போலும்! பனிப்போர்க் காலத்தில் லைபீரியாவின் வானூர்தி நிலையமும் ஒலிபரப்பு நிலையமும் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டன. எனவே கோடிக்கணக்கான டாலர் உதவி தொடர்ந்தது. நவம்பர் 12இல் குவிவொன்பா திரும்பிவந்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்று கொல்லப்பட்டார். அவர் பிறந்த நிம்பா மாவட்டத்துக் கியோ, மானோ இனத்தார்மீது டோவின் படை பழிதீர்த்தது. பின்வந்த போரின் விதை அங்கே விதைக்கப்பட்டது.

இக்காலத்தில் திருச்சபை என்ன செய்தது? டோவின் ஆட்சிக்காலக் கிறிஸ்தவத்தை ஆராய்ந்து பால் கிஃபர்ட் 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். அற்புதங்களையும் தனிமனித இரட்சிப்பையும் மட்டுமே முழங்கிய நற்செய்திப் பெருங்கூட்டங்கள், தங்கள் வறுமைக்கான காரணங்களை மக்கள் ஆராயாதபடி திசைதிருப்பி, ஆட்சிக்கே துணைநின்றன என்பது அவர் கருத்து. இது கடுமையான தீர்ப்பு. முழுவதும் ஏற்க நாம் தயங்கலாம். மாறாகப் பேசியவர்களும் இருந்தனர். மன்றோவியாவின் கத்தோலிக்கப் பேராயர் மைக்கேல் பிரான்சிஸ் அநீதிகளை வெளிப்படையாகக் கண்டித்தார். 1982இல் உருவான லைபீரியத் திருச்சபைகளின் மன்றமும் படிப்படியாகத் தன் குரலைக் கண்டடைந்தது. அதிகாரத்தின் முன்வரிசையை இழந்த பின்னரே அக்குரல் பிறந்தது என்பதை இறையியல் மாணவர் சிந்திப்பாராக.

1989 டிசம்பர் 24இல், கிறிஸ்துமஸ் முந்திய நாளில், சார்லஸ் டெய்லரின் படை நிம்பாவுக்குள் நுழைந்தது. அரசுப் படை ஊர்களை எரிக்கவே, கியோ, மானோ மக்கள் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தனர். 1990 ஜூனில் திருச்சபை மன்றம் முஸ்லிம் தலைவர்களுடன் இணைந்து சமய நடுவர் குழுவொன்றை அமைத்து, இருதரப்பையும் ஃப்ரீடவுன் நகரில் பேச வைத்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் பின்னர் ஏற்ற அமைதித் திட்டத்திற்கு அக்குழுவின் வரைவே அடிப்படையாயிற்று. மன்றோவியாவில் கிறிஸ்தவர் அமைதிப் பேரணி நடத்தி, டோ பதவி விலகும்படி கோரினர். அவர் விலகவில்லை.

ஜூலை 29ஆம் நாள் இரவு. மன்றோவியாவின் சிங்கர் பகுதியிலுள்ள தூய பேதுரு லுத்தரன் ஆலயத்தில், செஞ்சிலுவைக் கொடியின் கீழ், பெரும்பாலும் கியோ, மானோ இனத்தவரான ஏதிலிகள் குழந்தைகளோடு உறங்கிக்கொண்டிருந்தனர். டோவின் படையினர் உள்ளே புகுந்து துப்பாக்கியாலும் வெட்டுக்கத்தியாலும் ஏறக்குறைய 600 பேரைக் கொன்றனர். பீடத்தின் கொம்புகளைப் பிடித்த யோவாபைப் போல் குற்றம் செய்து ஓடிவந்தவர்கள் அல்லர் இவர்கள்; இன்ன இனத்தில் பிறந்ததே இவர்கள் குற்றம். மாண்டவர்கள் ஆலய வளாகத்திலேயே கூட்டாகப் புதைக்கப்பட்டனர்.

செப்டம்பர் 9ஆம் நாள் டோ, மன்றோவியாத் துறைமுகத்திலிருந்த மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படையின் தலைமையகத்திற்குச் சென்றார். டெய்லரிடமிருந்து பிரிந்த பிரின்ஸ் ஜான்சனின் ஆட்கள் அங்கேயே அவரைப் பிடித்துச் சென்றனர். ஜான்சன் மது அருந்திக்கொண்டிருக்க, அவர் கண்முன்னே டோவின் காது அறுக்கப்பட்டது. அக்காட்சி படமாக்கப்பட்டு ஆப்பிரிக்கா எங்கும் பரவியது. டோ சித்திரவதைக்குள்ளாகி மாண்டார். கடற்கரைக் கம்பங்களைப் படம் எடுத்த 1980ஐ நாம் மறக்கவில்லையானால் இப்படத்தின் பொருள் விளங்கும்.

போர் இடைவெளியோடு 2003 வரை நீடித்தது. மாண்டவர் ஏறத்தாழ 2,50,000 பேர் என மதிப்பிடப்படுகிறது. ஜான்சன் நைஜீரியாவில் மனந்திரும்பியதாக அறிவித்துப் போதகரானார். 2005இல் நிம்பாவின் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2024இல் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். அவர்மீது வழக்குத் தொடர வேண்டுமென்று உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் 2009இல் பரிந்துரைத்தும் வழக்கு நடைபெறவில்லை. மன்னிப்பு, ஒப்புரவு என்னும் சொற்களைப் பாதிக்கப்பட்டோர் வாய் திறக்குமுன் பாதித்தவரே உச்சரிக்கும்போது அவை என்ன பொருள் தருகின்றன என்பதை நம் வகுப்பறைகள் விவாதிக்க வேண்டும். தூய பேதுரு ஆலயப் படுகொலைக்கு அரசுப் படையின் முன்னாள் தளபதி ஒருவர் பொறுப்பாளி என 2021இல் பிலதெல்பியாவின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அவ்விரவில் பிணங்களின் நடுவே உயிர் தப்பியவர்கள்.