வெளிநாட்டு நர்ஸ் வேலை: எந்தக் கட்டணத்தை எப்போது கட்டுவது?

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ‘ஓ.ஹெச்.சி.’ என்றால் உடனே புரியும். தொழிற்சாலைக்குள் இருக்கும் மருத்துவ அறைதான் அது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் இப்படி ஓர் அறையும் அதில் செவிலியரும் இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதனால்தான் காரும் செல்போனும் தயாராகும் இந்தப் பகுதியில் செவிலியர்களும் ஷிப்ட் பார்க்கிறார்கள்.

இவர்களில் பலருக்கும், சுற்றுவட்டார மருத்துவமனைகளில் பணிபுரிபவர்களுக்கும் வெளிநாட்டு வேலை ஒரு கனவு. “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஆனால், “எந்தப் பணத்தை எப்போது கட்டணும்?” என்று கேட்பது அதைவிட முக்கியம். ஏனென்றால் தேர்வு முடிவுகளுக்கும் சான்றுகளுக்கும் காலாவதி தேதி உண்டு. வரிசை மாறினால், கட்டிய பணத்தையே மறுபடியும் கட்ட வேண்டி வரும்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள்

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், நர்சிங் சான்றிதழ், கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் சான்றிதழில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட் என்றால் கணவர் பெயர் இருக்கும். ஆவணம் சரிபார்க்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு இவை இரண்டு வேறு ஆட்களின் பெயர்களாகத் தெரியலாம். பணம் கட்டிய பிறகு இந்தச் சிக்கல் வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். பெயர் மாற்றம் தேவைப்பட்டால், அதை அரசிதழில் வெளியிடும் நடைமுறை எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையில் இருக்கிறது. அதை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாவது, அனுபவம். வெளிநாட்டு மருத்துவமனைகளின் வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் வார்டு, ஐ.சி.யூ. போன்ற இடங்களில் நோயாளிகளை நேரடியாகக் கவனித்த அனுபவத்தைக் கேட்கின்றன. ஓ.ஹெச்.சி.யில் பார்த்த வருடங்கள் அந்தக் கணக்கில் வருமா என்பதை, தேர்வுக்குப் பணம் கட்டும் முன்பே வேலை தரும் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். “வராது” என்று பதில் வந்தால், முதலில் ஒரு மருத்துவமனையில் சேர்வதுதான் சரி. பரீட்சைக்கு அப்புறம் பணம் கட்டலாம்.

பிரிட்டன்: ஒரு மாதிரிக் கணக்கு

அங்கே செவிலியர் பதிவைக் கவனிக்கும் அமைப்பு நர்சிங் மற்றும் மிட்வைஃபரி கவுன்சில். இந்தியாவிலிருந்து போகும் செவிலியர் அதற்குக் கட்ட வேண்டியவை நான்கு:

• தகுதி மதிப்பீடு – 140 பவுண்டு
• கணினித் தேர்வு (சி.பி.டி.) – 83 பவுண்டு
• பதிவு விண்ணப்பம் – 153 பவுண்டு
• செய்முறைத் தேர்வு (ஆஸ்கி) – 794 பவுண்டு

மொத்தம் 1,170 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் ரூபாய். “அம்மாடி!” என்று தோன்றும். ஆனால் இந்தத் தொகை முழுவதும் முதல் நாளே கையில் இருக்க வேண்டியதில்லை. மூன்று தவணையாகப் பிரிக்கலாம்.

முதல் தவணை, ஆங்கிலத் தேர்வு. பலர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் இதை முதலில் முடித்துவிடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் சுமார் 18 ஆயிரம் ரூபாய். மருத்துவத் துறையினருக்கு என்றே நடக்கும் ஓ.இ.டி. தேர்வுக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் ஆகும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் வாசித்தல், கேட்டல், பேசுதலில் தலா 7, எழுதுதலில் 6.5 வேண்டும். ஒரே முறையில் எல்லாம் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை, குறைந்தபட்ச வரம்புக்கு உட்பட்டு, சேர்த்துக் காட்டலாம். அதனால் இன்னொரு முறை எழுதும் பணத்தை முதலிலேயே பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள். ஆங்கிலத் தேர்வு முடிவு 2 ஆண்டுகள்தான் செல்லும்.

இரண்டாவது தவணை, தகுதி மதிப்பீடும் சி.பி.டி.யும். இரண்டுக்கும் சேர்த்து சுமார் 25,600 ரூபாய். சி.பி.டி. முடிவும் 2 ஆண்டுக்குத்தான். “இதையாவது முதலில் எழுதி வைப்போம்” என்று அவசரப்பட்டு, ஆங்கிலத் தேர்வு இழுத்துக்கொண்டே போனால், சி.பி.டி. காலாவதியாகிவிடும்.

மூன்றாவது தவணை, பதிவு விண்ணப்பமும் ஆஸ்கியும். சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய். ஆஸ்கி பிரிட்டனில் மட்டுமே நடக்கிறது. பல அரசு மருத்துவமனை அமைப்புகள் இந்தச் செலவை ஏற்கின்றன. எனவே வேலைக் கடிதம் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: ஆஸ்கி கட்டணம் யாருடையது? தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது? இத்தனை ஆண்டுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா?

ஆக, வேலைக் கடிதம் வரும்வரை கைக்காசு எவ்வளவு? ஐ.இ.எல்.டி.எஸ். 18,000, மறுமுறைக்கு இன்னொரு 18,000, இரண்டாவது தவணை 25,600, பாஸ்போர்ட் 1,500, போலீஸ் சான்று 500. கூட்டினால் சுமார் 64 ஆயிரம். கோச்சிங், கூரியர், கவுன்சில் சான்று ஆகியவை தனி. மாதம் 5 ஆயிரம் எடுத்து வைத்தால் 13 மாதத்தில் இந்தத் தொகை சேரும். வட்டிக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

என்க்லெக்ஸ்: ஒரு தேர்வு, மூன்று நாடு

என்க்லெக்ஸ் அமெரிக்காவுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கனடா 2015 முதலும் ஆஸ்திரேலியா 2020 முதலும் இதே தேர்வைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவிலிருந்து எழுத 200 டாலர், வெளிநாட்டு மையத்துக்குக் கூடுதலாக 150 டாலர், அதற்கு மேல் வரி. தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மறுபடியும் முழுக் கட்டணம்.

நாட்டைத் தேர்வு செய்யும்போது அடுத்த படியையும் பாருங்கள். அமெரிக்காவில் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை பல ஆண்டுகள் நீளம். ஆஸ்திரேலியாவில் இந்தத் தேர்வுக்குப் பிறகு அடிலெய்டு நகரில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. அதன் கட்டணம் மட்டும் 4,000 ஆஸ்திரேலிய டாலர். விமானம், தங்குமிடம் வேறு.

வளைகுடா: 30 ஆயிரத்துக்கு மேல் கேட்டால் உஷார்

துபாய், சவுதி போன்ற இடங்களுக்கு ‘டேட்டாஃப்ளோ’ எனப்படும் ஆவணச் சரிபார்ப்பும் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வும் உண்டு. டேட்டாஃப்ளோவில் சரிபார்க்கும் ஆவணங்களின் எண்ணிக்கை கூடக் கூடக் கட்டணமும் கூடும். கேட்டதை மட்டும் கொடுங்கள்.

குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்கள், எந்த வகை பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இ-மைக்ரேட் தளம் வழியாக அனுமதி பெற வேண்டும். 2015-ல் வந்த விதி இது. காரணம் இருக்கிறது. அதே ஆண்டு கொச்சியில், குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் மட்டுமே வாங்க வேண்டிய ஒரு ஏஜென்சி, ஒவ்வொரு செவிலியரிடமும் 19.5 லட்சம் வாங்கியதாக வழக்கு பதிவானது. பதிவு பெற்ற ஏஜென்ட் இப்போது வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30 ஆயிரம் ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. “சீட் கன்ஃபார்ம், இரண்டு லட்சம் கொடுங்க” என்று யாராவது சொன்னால், இ-மைக்ரேட் தளத்தில் அந்த ஏஜென்சியின் பெயரைத் தேடுங்கள். எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஜெர்மனி: சம்பள இழப்பையும் எழுதுங்கள்

ஜெர்மனியில் பதிவு பெறப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் தேவை. இங்கே பெரிய செலவு தேர்வுக் கட்டணம் அல்ல. மொழி படிக்க வேலையை விட்டால் போகும் பல மாதச் சம்பளம்தான். ஷிப்ட் வேலையோடு படிக்க முடியுமா என்பதை ஏ1 நிலையிலேயே பார்த்துவிடுங்கள். தாட்கோ, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினச் செவிலியர்களுக்கான மொழிப் பயிற்சியை அவ்வப்போது அறிவிக்கிறது. தனியார் வகுப்பில் சேரும் முன் விசாரியுங்கள்.

மறந்துபோகும் சில்லறைச் செலவுகள்

• டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே ‘ஆன்’ செய்ய வேண்டும். வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது வங்கி 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்கலாம்.
• போலீஸ் சான்றை முன்கூட்டியே எடுக்க வேண்டாம், கேட்கும்போது எடுங்கள்.
• பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில் 10 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. பிரீமியம் 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய்.

எங்கே கேட்பது?

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. அலுவலகம் கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ளது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு வார விடுமுறை நாளில் போய் வந்துவிடலாம். செவிலியர் பணியிட அறிவிப்புகள் அதன் இணையதளத்தில் வெளியாகின்றன. வெளிநாட்டு வேலை குறித்த சந்தேகம், புகார் எதுவானாலும் அயலகத் தமிழர் நலத் துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793-ல் பேசலாம்.

இங்கே தந்துள்ள கட்டணங்களும் நாணய மதிப்பும் மாறக்கூடியவை. பணம் கட்டும் நாளன்று அந்தந்த அமைப்பின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.