60 மைல் வேகத்தில் நடுங்கும் கார்!

கார் மணிக்கு 50 மைல் வேகத்தில் போகிறது. ஒரு குறையும் இல்லை. வேகம் 60 மைலைத் தொடுகிறது. உடனே ஸ்டீரிங் "கிடுகிடு" என்று ஆடுகிறது. பிடித்திருக்கும் கை மணிக்கட்டு வரை உதறுகிறது. பக்கத்தில் இருக்கும் மனைவி, "மெதுவாகப் போங்கள்" என்று பதறுகிறாள். வேகம் 70 மைலைத் தாண்டுகிறது. ஆட்டம் அடங்கிவிடுகிறது!

இது பேயும் அல்ல, பிசாசும் அல்ல. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு நன்றாகப் பழக்கமான தொல்லைதான்.

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1962-ம் ஆண்டு முதல் 1980-ம் ஆண்டு வரை "எம்.ஜி.பி." என்ற கார் செய்யப்பட்டது. மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல். கூரையை மடக்கிவிட்டு, காற்று வாங்கிக்கொண்டே போகலாம். அவற்றில் பல கார்கள் இன்றும் ஓடுகின்றன. வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளை போலப் பேணுகிறார்கள்.

இந்தக் கார்களில் பலவற்றுக்குக் கம்பிச் சக்கரம். சைக்கிள் சக்கரம் போலவே இருக்கும். ஒரு சக்கரத்தில் 60 ஸ்போக்ஸ் கம்பிகள்! அழகுக்கு அழகு, தொல்லைக்குத் தொல்லை.

எலுமிச்சம்பழ எடை

சக்கரத்தில் எல்லாப் பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஓர் இடத்தில் 30 கிராம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை. இது என்ன செய்துவிடும் என்று கேட்கலாம்.

60 மைல் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14 தடவை சுற்றுகிறது. அப்போது அந்த 30 கிராம், சுமார் 4 கிலோ எடை இழுப்பது போல இழுக்கிறது. ஒரு நொடிக்குள் 14 தடவை மேலும் கீழும் இழுக்கிறது!

சரி, 70 மைலில் ஏன் அடங்குகிறது? ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். அது வந்து போகும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை கூட உயர ஆட்டிவிடும். நேரம் தப்பித் தள்ளினால் ஆடாது. காரின் சக்கரமும் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அவற்றுக்கு என்று ஒரு தாளம் உண்டு. 60 மைலில் அந்தத் தாளம் கூடிவிடுகிறது. 70 மைலில் தாளம் தப்புகிறது. ஆனால் இழுப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆட்டம் நின்றதும், "கார் தானாகச் சரியாகிவிட்டது" என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

கையா, இருக்கையா?

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆட்டம் வந்ததும் கண்டபடி சாமான் வாங்கி மாட்டுவது! பணம் போகும், ஆட்டம் போகாது. காரே துப்புச் சொல்லும். அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஸ்டீரிங் ஆடினால் முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். உட்காரும் இருக்கை அதிர்ந்தால் பின்சக்கரம். ஆட்டமாக இல்லாமல் வண்டு ரீங்காரம் போல "விர்" என்று இருந்தால், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளத் தண்டின் மீது சந்தேகப்படலாம். அது சக்கரத்தைவிட ஏறத்தாழ 4 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் ஆடினால் பிரேக் தட்டு கோணியிருக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்னாலும், பின்சக்கரத்தை முன்னாலும் மாட்டிப் பார்ப்பது. ஸ்டீரிங்கில் இருந்த ஆட்டம் இருக்கைக்கு வந்துவிட்டதா? குற்றவாளி அந்தச் சக்கரம்தான். செலவு ஒரு காசு இல்லை! சக்கரத்தை மாற்றியும் ஸ்டீரிங் ஆட்டம் போகாவிட்டால், பேரிங்கு, கிங் பின், ஷாக் அப்சார்பர் இவற்றில் தேய்மானம் தேட வேண்டும்.

டயரில் 4 எண்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆண்டில் பாதி நாள் கொட்டகையில் நிற்கும். நின்ற இடத்திலேயே டயர் சப்பையாகிவிடும். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடானதும் சில டயர்கள் சரியாகிவிடும். சில சரியாகா.

டயரின் பக்கவாட்டில் 4 எண்கள் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது என்று பொருள். 3 எண்கள் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தியது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அந்த டயரை நம்பக் கூடாது. உள்ளே அடுக்குகள் விட்டுப் போயிருக்கும். எங்காவது புடைத்திருந்தால் ஓட்டவே கூடாது. நடுங்கும் டயர் நடுவழியில் வெடித்தால் என்ன ஆகும்?

டயர் நன்றாக இருந்தால் அடுத்தது சக்கரம். காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, விளிம்பை ஒட்டி ஒரு பென்சிலை அசையாமல் நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட வேண்டும். இடைவெளி கூடிக் குறைந்தால் சக்கரம் கோணல். கம்பிகளை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கமான கம்பி "கிண்" என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி "டொக்" என்னும். சைக்கிள் கடையில் பெண்டு எடுப்பதைப் போலத்தான் இதற்கும் பெண்டு எடுக்க வேண்டும்.

பாலன்ஸ் பார்த்தும் ஆடுகிறதா?

"பாலன்ஸ் பார்த்து ஈயக் கட்டியும் ஒட்டியாயிற்று. ஆனாலும் ஆடுகிறதே!" என்று பலர் தலையில் கை வைப்பார்கள். கம்பிச் சக்கரம் மற்றச் சக்கரம் போல அல்ல. காரில் அது முன்னும் பின்னும் இரண்டு சரிவு விளிம்புகளில் உட்காருகிறது. பாலன்ஸ் இயந்திரமும் அதே இரண்டு இடங்களில் பிடிக்க வேண்டும். வேறு இடத்தில் பிடித்தால் சக்கரம் நடு விலகி நிற்கும். இயந்திரம் "சரி" என்று காட்டும், ரோட்டில் ஆடும்.

கடைசியாக ஒரு சோதனை. இதைத் தவறவிடக் கூடாது. சக்கரமும் ஹப்பும் நுண்ணிய பற்களால் கோத்துக்கொள்கின்றன. ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொள்ள, தூக்கி நிறுத்திய சக்கரத்தை மற்றவர் கையால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். ஹப் அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் பல் தேய்ந்துவிட்டது. முற்றிலும் தேய்ந்தால், பிரேக் பிடிக்கும், ஹப் நிற்கும், சக்கரம் நிற்காது!

எல்லாம் பார்த்தபின் கிரீஸ் தடவிச் சக்கரத்தை மாட்டி, நடு நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். இடப்பக்க மரையும் வலப்பக்க மரையும் ஒன்றுக்கொன்று எதிர். மாறிவிட்டால் ஓடும்போதே நட்டு கழன்றுவிடும். சில மைல் ஓடியதும் காரை ஓரமாக நிறுத்தி, 4 நட்டுகளையும் இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பார்கள். பிறகுதான் 60 மைல்.