பாத்திரம் அறிந்து விளக்கேற்று!

போன கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, காலித் தயிர் டப்பாவில் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டி, உள்ளே அகல் விளக்கை வைத்திருந்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, டப்பா குழைந்து சரிந்து எண்ணெயோடு சேர்ந்து எரிய ஆரம்பித்தது. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தாதேம்மா!" என்று தடுத்த மாமியார், பக்கத்திலிருந்த பித்தளைக் குண்டானைக் கவிழ்த்து மூடினார். தீ அடங்கியது.

அழுதுகொண்டிருந்த பேத்தியை மடியில் இழுத்துக்கொண்டு அவர் சொன்னார்: "பாத்திரம் அறிஞ்சு பிச்சை போடும்பாங்க. விளக்கு வைக்கறதுக்கும் பாத்திரம் அறியணும் கண்ணு."

காலி டப்பாவில் விளக்கு செய்வதற்கான முதல் பாடம் அதுதான். அதன் பிறகு பரணில் கிடந்ததையெல்லாம் விளக்காக்கிவிட்டோம். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்க, இதோ மூன்று விளக்குகள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிலாப் பூனை

கண்ணாடி எரியாது. ஆனால் திடீர் சூட்டில் விரிசல் விடும். அதனால் மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரியில் எரியும் மெல்லிய கம்பி சீரியல் லைட் போதும்.

பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டால் லேபிள் வந்துவிடும். மிச்சமிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெயும் ஆப்ப சோடாவும் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்ததும், வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் பாட்டிலைச் சுற்றி ஒட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். கையால் கிழித்தால்தான் ஓரம் தெரியாமல் ஒன்றோடொன்று சேரும்.

அதன்மேல் கறுப்பு சார்ட் பேப்பரில் வெட்டிய பூனை, தென்னை மரம், பிறை நிலா என்று பிள்ளைகளுக்குப் பிடித்ததை ஒட்டலாம். பேட்டரிப் பெட்டியை மூடியின் உட்புறம் டபுள் சைடு டேப்பால் ஒட்டி, சீரியலை உள்ளே சுருட்டிவிட்டு மூடினால் முடிந்தது. இருட்டில் பூனை நிலா பார்க்கும்.

பால் பவுடர் டின்னில் புள்ளிக் கோலம்

நிஜத் தீபம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தகர டின்தான் சரி. முதலில் டின்னின் பக்கவாட்டில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இப்போது பல டப்பாக்கள் அடிப்பாகம் மட்டும் தகரம், மற்றதெல்லாம் அட்டை!

வெறும் டின்னில் ஆணி அடித்தால் நசுங்கிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. வாயிலிருந்து இரண்டு விரற்கடை விட்டுத் தண்ணீர் ஊற்றி, ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் வையுங்கள். உள்ளே பனிக்கட்டி முட்டுக்கொடுப்பதால் தகரம் நசுங்காது. அடிப்பாகம் கொஞ்சம் புடைத்து வந்தால் பயப்பட வேண்டாம், கடைசியில் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

கட்டம் போட்ட தாளில் உங்களுக்குத் தெரிந்த புள்ளிக் கோலத்தை வரைந்து டின்னைச் சுற்றி ஒட்டுங்கள். மடித்த துண்டின் மேல் டின்னைப் படுக்கவைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். ஓட்டைகளின் உட்புறம் பிசிறு கூர்மையாக இருக்கும், அதனால் இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. பனி உருகியதும் துடைத்துக் காயவைக்காவிட்டால் துரு பிடித்துவிடும்.

அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, அதில் அகலைப் பதித்து ஏற்றுங்கள். டின்னை மூடாதீர்கள். எரியும்போது தொட்டால் சுடும் என்பதால் வாசலில் ஓரமாக, குழந்தைகளின் பாவாடை படாத இடத்தில் இருக்கட்டும். வாசலில் ஒரு கோலம், சுவரில் ஒளியால் இன்னொரு கோலம்!

எண்ணெய் கேனில் யானை

பக்கவாட்டில் கைப்பிடி வைத்த, பால் வெள்ளை நிற பிளாஸ்டிக் கேன்தான் இதற்குத் தேவை. கண்ணாடிபோல் தெரியும் கேனில் உள்ளிருக்கும் ஒயரெல்லாம் வெளியே தெரியும்.

பிசுக்குப் போக, ஒரு பிடி அரிசி, பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர் விட்டு மூடிக் குலுக்குங்கள். கொதிக்கும் நீர் ஊற்றினால் கேன் சுருங்கிவிடும். காய்ந்ததும் கைப்பிடி முடியும் இடத்துக்கு நான்கு விரல் கீழே குறுக்காக வெட்டுங்கள். மேல்பாதியின் விளிம்பில் பக்கத்துக்கு ஒன்றாக வளைவு வெட்டினால் நான்கு கால்கள் வந்துவிடும். கைப்பிடிதான் தும்பிக்கை! அட்டையில் காது வெட்டி ஒட்டி, கண் வரையுங்கள். மிஞ்சிய கீழ்பாதியில் பேனா, பென்சில் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே யூ.எஸ்.பி. சீரியல் லைட்டை டேப்பால் ஒட்டி, போன் சார்ஜரில் சொருகினால் யானை ஒளிரும். அதில் வருவது 5 வோல்ட் மட்டுமே. நேராக 230 வோல்ட் பிளக்கில் சொருகும் சீரியலை பிளாஸ்டிக்குக்குள் வைக்க வேண்டாம். பழைய குண்டு பல்பு கூடவே கூடாது. அது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் சூடாகத்தான் வெளியேறும்.

இதை மறக்காதீர்கள்

சில சின்ன விளக்குகளில் காசு மாதிரி பட்டன் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கிவிட்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். "வெளியே வந்துடும்" என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், ஸ்க்ரூ போட்டு மூடிய பேட்டரிப் பெட்டி உள்ள விளக்காகப் பார்த்து வாங்குவது நல்லது.

கரன்ட் போனால்...

பிரேசில் நாட்டின் உபேராபா நகரில் ஆல்ஃபிரெடோ மோசர் என்ற மெக்கானிக், 2002-ல் மின்வெட்டுக் காலத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். 2 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் ப்ளீச்சும் ஊற்றிக் கூரையில் பதித்தார். வெயில் பாட்டிலுக்குள் புகுந்து, இருண்ட அறை முழுக்கப் பரவியது. பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளிலும் ஏழைகளின் வீடுகளுக்கு அது பகல் விளக்கானது.

ராத்திரிக்கு நம்மிடம் போன் இருக்கிறதே! டார்ச்சைப் போட்டு, வெளிச்சம் மேல்நோக்கி இருக்கும்படி போனைப் படுக்கவைத்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நிறுத்துங்கள். ஒரு சொட்டுப் பால் விட்டால் வெளிச்சம் இன்னும் நன்றாகப் பரவும். பாட்டில் ஒழுகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் யானை இப்போது பாத்ரூம் போகும் வழியில், தரையோரமாக நிற்கிறது. முன்பெல்லாம் நடுராத்திரியில் மாமியார் சுவரைத் தடவித் தடவிப் போவார். ஒருமுறை வாசற்படி தடுக்கி விழப்போனார். "லைட்டைப் போடக் கூடாதா அத்தை?" என்றால், "கண்ணு கூசுது, அப்புறம் தூக்கமே வரமாட்டேங்குது" என்பார். இப்போது அந்தப் பிரச்னை இல்லை.

"பாட்டி, யானை வெளிச்சம் போதுமா?" என்று கேட்கிறாள் மகள்.

"விழுந்தா தூக்க யானையே நிக்குதே, வேறென்ன வேணும்?" என்கிறார் மாமியார்.