பெரியநாயக்கன்பாளையம் வாத்தியார் தமிழுக்குத் தந்த 10 புத்தகம்!

கோவையில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினால், துடியலூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெரியநாயக்கன்பாளையம் வந்துவிடும். மில் மெஷின் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அது எல்.எம்.டபிள்யூ. ஸ்டாப். பிள்ளையைச் சேர்க்க அலைகிற பெற்றோருக்கு அது வித்யாலயம். பள்ளிக்கூடம், கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்பயிற்சிக் கல்லூரி என்று ஊரில் பாதி அதுதான்!

இந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர்தான் தமிழுக்குக் கலைக்களஞ்சியம் செய்து கொடுத்தவர் என்பது, தினமும் அந்த வழியாகப் போய் வருகிற பலருக்குத் தெரியாது.

ஜெயிலுக்குப் போன வக்கீல்

வித்யாலயத்தைத் தொடங்கியவர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903-ல் திருப்பூரில் பிறந்தவர். வக்கீல். வசதியான குடும்பம். ஆனால் மனுஷர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. காந்திஜி பக்கம் போனார். ஜெயிலுக்கும் போனார்.

1930-ல் கோவையில் சின்ன அளவில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஆரம்பித்தார். பிறகு பெரியநாயக்கன்பாளையத்தில் இடம் பிடித்தார். 1934-ல் காந்திஜியே வந்து கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார்.

தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனும் மற்றப் பையன்களும் ஒரே கூரையின் கீழ் தங்கினார்கள். ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கொங்கு நாட்டில் இது லேசுப்பட்ட காரியமா?

பரீட்சை எழுதாத வாலிபர்

அங்கே வாத்தியாராக வந்து சேர்ந்தவர் பெரியசாமி. மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசு கிராமத்தில் 1908-ல் பிறந்தவர். குடியானவர் வீட்டுப் பிள்ளை. தூரன் என்பது அவர் குலத்தின் பெயர். அதுவே அவர் பெயராக நிலைத்துவிட்டது. பெரியசாமித் தூரன் என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1931 மார்ச் 23-ந் தேதி பகத்சிங்கைத் தூக்கில் போட்டார்கள். "வெள்ளைக்காரன் வைக்கிற பரீட்சை எனக்கு வேண்டாம்" என்கிற மாதிரி, அந்த வருஷம் பரீட்சையே எழுதாமல் வந்துவிட்டார்! வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்து தலைமை ஆசிரியராகவும் ஆனார். பாட்டும் கட்டுவார். அவர் கட்டிய முருகன் பாட்டுகளை இன்றைக்கும் கச்சேரிகளில் பாடுகிறார்கள்.

மந்திரியின் உத்தரவு

1946-ல் அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி மந்திரி ஆனார். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழிலேயே பாடம் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். பாரதியார் பாடல்களை அரசு வாங்கிப் பொதுச் சொத்தாக்கும் அறிவிப்பு 1949-ல் வந்ததும் இவர் மந்திரியாக இருந்தபோதுதான்.

உத்தரவு போடுவது சுலபம். தமிழில் ரசாயனம் நடத்த வேண்டிய வாத்தியார் எந்தப் புத்தகத்தைப் பார்ப்பார்? இங்கிலீஷ்காரனிடம் பிரிட்டானிக்கா இருந்தது. நம்மிடம் புராண, இலக்கியச் செய்திகளுக்கு 1910-ல் வந்த அபிதான சிந்தாமணி இருந்தது. விஞ்ஞானம், வைத்தியம், பூகோளம், சரித்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றும் இல்லை.

மந்திரியான அதே 1946-ல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை ஆரம்பித்தார் அவினாசிலிங்கம். கலைக்களஞ்சியத்தைத் தயாரிக்கிற பொறுப்பு யாருக்கு? பெரிய பெரிய பேராசிரியர்கள் இருக்க, தம் பள்ளிக்கூடத்துத் தூரனைத்தான் கூப்பிட்டுத் தலைமைப் பதிப்பாசிரியர் ஆக்கினார். சரியான ஆளைத்தான் பிடித்தார் என்பதைப் பின்னால் வந்த புத்தகங்கள் காட்டிவிட்டன.

பல வருஷ வேலை

சென்னையில் அலுவலகம். நூற்றுக்கணக்கான நிபுணர்களிடம் கட்டுரை கேட்டு வாங்க வேண்டும். பலருக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் இல்லை. பல விஷயங்களுக்குத் தமிழில் வார்த்தையே இல்லை. அதையும் தேடிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக ஆக்க வேண்டும்.

முதல் தொகுதி 1954-ல் வந்தது. ஒன்பதாவது 1963-ல். பத்தாவது 1968-ல். அதே வருஷம் தூரனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதோடு ஓய்ந்தாரா? குழந்தைகள் கலைக்களஞ்சியத்தில் இறங்கினார். அதுவும் 10 தொகுதி. 1976-ல் முடிந்தது.

தூரன் 1987-ல் காலமானார். அவினாசிலிங்கம் 1991-ல் மறைந்தார். கோவையில் அவர் 1957-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி, இன்று பல்கலைக்கழகமாக அவர் பெயரிலேயே நடக்கிறது.

கலைக்களஞ்சியத்தின் பழைய தொகுதிகள் கடையில் கிடைப்பது கஷ்டம். ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வலைத்தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். செல்போன் இருந்தால் போதும், மேட்டுப்பாளையம் பஸ்சில் உட்கார்ந்தபடியே புரட்டலாம்.